எட்டுப் பெண்களும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

மே மாத விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் திடீரென்று ஒரு விளையாட்டு சொன்னாள். எல்லோரும் அவரவர் செல்ஃபோனை மேசை நடுவில் வைத்துவிட வேண்டும். யாருக்கு எந்தச் செய்தி வந்தாலும் சத்தமாகப் படிக்க வேண்டும், யார் கூப்பிட்டாலும் எல்லோருக்கும் கேட்கும்படி பேச வேண்டும். என் மகன் சிரித்துக்கொண்டே தன் ஃபோனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மருமகள் "முதல்ல சாப்பிடு" என்றாள். எனக்கு வருவதெல்லாம் ஓய்வூதியர் குழுவின் காலை வணக்கப் பூக்கள்தான் என்பதால் நான் மட்டும் தைரியமாக வைத்தேன்.

இது 2016-ல் வந்த ஓர் இத்தாலியப் படத்திலிருந்து எடுத்த விளையாட்டாம். பாவ்லோ ஜெனோவேசே எடுத்த படம். பழைய நண்பர்கள் ஒரு வீட்டில் விருந்துக்குக் கூடுகிறார்கள், ஃபோன்களை மேசையில் வைக்கிறார்கள், சாப்பாடு முடிவதற்குள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாமல் போகிறது. அதைப் பல நாடுகளில் மறுபடி மறுபடி எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சில் 2018-ல் 'லெ ழு' என்று வந்தது.

"ஒளிச்சு வைக்கிறதுதான் தாத்தா விஷம். எல்லாத்தையும் வெளியே கொட்டிட்டா மனசு சுத்தமாயிடும். உங்க காலத்து ஆளுங்க எல்லாத்தையும் பூட்டிப் பூட்டி வெச்சீங்க" என்றாள் பேத்தி.

அப்போது நான் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டு எழுந்துவிட்டேன். ஒரு மாதமாக யோசித்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். இந்த விஷயத்தில் நான் பேத்தியின் கட்சி இல்லை. முழு எதிர்க்கட்சியும் இல்லை. என்னை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருப்பது ஒரு பிரெஞ்சுப் படமும், நான் பார்த்த உத்தியோகமும்.

படத்தின் பெயர் 'யுய் ஃபாம்', அதாவது எட்டுப் பெண்கள். முதலில் அது நாடகம். எழுதியவர் ரொபேர் தொமா. துப்பறியும் கதையும் சிரிப்பும் கலந்து நாடகம் எழுதுவதில் கைதேர்ந்தவர். 1958-ல் இதை எழுதினார். 1960-ல் அவருடைய 'தனி மனிதனுக்கு ஒரு பொறி' என்ற இன்னொரு நாடகம் பாரிசில் பெரிய வெற்றி பெற்றது. ஹிட்ச்காக் அதன் திரைப்பட உரிமையை வாங்கினார், ஆனால் கடைசிவரை எடுக்கவில்லை. அந்தப் புகழுக்குப் பிறகு, 1961-ல், எட்டுப் பெண்களும் பாரிஸ் மேடைக்கு வந்தார்கள். நாற்பது வருடம் கழித்து ஃபிரான்சுவா ஓசோன் என்ற இளம் இயக்குநர் கையில் அது கிடைத்தது. அவருக்கு முதலில் 'தி விமன்' என்ற 1939-ம் வருட அமெரிக்கப் படத்தைத்தான் மறுபடி எடுக்க ஆசை. ஆண் நடிகரே இல்லாத படம் அது. உரிமை ஏற்கெனவே ஹாலிவுட் நடிகைகள் கையில் இருந்ததால் கிடைக்கவில்லை. அப்புறம்தான் தொமாவின் நாடகம் கண்ணில் பட்டது. மரினா தெ வான் உதவியோடு அதைத் திருத்தி எழுதி 2002-ல் படமாக வெளியிட்டார்.

நடித்தவர்கள் பட்டியலைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் எழுந்து உட்காருவார்கள். கத்ரீன் தெனேவ், தனியேல் தாரியூ, இசபெல் உப்பேர், ஃபன்னி அர்தான், எம்மானுவேல் பேயார், ஃபிர்மின் ரிஷார், விர்ஜினி லெதுவாயென், லுதிவின் சாஞ்ஞியே. எட்டுப் பேருக்கும் சேர்த்து பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி கொடுத்தார்கள். யார் பெரியவர் என்று பிரிக்க அங்கேயும் யாருக்கும் துணிச்சல் இல்லை போலிருக்கிறது.

இனி முடிவைச் சொல்லாமல் எழுத முடியாது. படம் பார்க்கும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வரலாம். லண்டனில் 1952-லிருந்து ஆடிக்கொண்டிருக்கும் அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகத்தில், கொலையாளி யார் என்று வெளியே போய்ச் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சி முடிவிலும் ரசிகர்களைக் கேட்டுக்கொள்வார்கள். அந்த மரியாதையை நான் மீறுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். எச்சரித்துவிட்டேன்.

1950-களில் ஒரு கிறிஸ்துமஸ் காலை. ஊரை விட்டுத் தள்ளி ஒரு பெரிய வீடு, சுற்றிலும் பனி. வீட்டுத் தலைவர் மர்செல் தன் அறையில் முதுகில் கத்தியோடு கிடக்கிறார். தொலைபேசிக் கம்பி அறுக்கப்பட்டிருக்கிறது. காரை யாரோ கெடுத்துவைத்திருக்கிறார்கள். ராத்திரி நாய்கள் குரைக்கவில்லை, ஆகவே வெளி ஆள் வரவில்லை. வீட்டுக்குள் எட்டுப் பெண்கள்: மனைவி, மாமியார், மனைவியின் தங்கை, இரண்டு மகள்கள், மர்செலின் தங்கை, சமையல்காரம்மா, புதிதாக வந்த வேலைக்காரி. கொலை செய்தவள் இவர்களில் ஒருத்தி. மாமியாரைப் பேத்திகள் பிரெஞ்சு வழக்கப்படி 'மாமி' என்று கூப்பிடுவார்கள். பாட்டி என்று அர்த்தம். என் மனைவி பாதிப் படம் வரை "இந்த மாமி யாருக்கு மாமி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. சக்கர நாற்காலிப் பாட்டிக்கு நடக்க வரும். மருமகனின் தொழில் முழுகிக்கொண்டிருந்தபோது அதைக் காப்பாற்றக்கூடிய பங்குப் பத்திரங்களை அவள் மறைத்து வைத்திருந்தாள். மனைவி, கணவனின் கூட்டாளியோடு போய்விடத் தயாராக இருந்தாள். மர்செலின் தங்கை அண்ணனிடம் பணம் கறந்து அதே ஆளிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலைக்காரிக்கும் எசமானுக்கும் உறவு. நெஞ்சுவலிக்காரியான மச்சினிக்கு அக்காள் கணவன் மேல் வெளியே சொல்லாத ஆசை. மூத்த மகள் கர்ப்பமாக இருக்கிறாள். அவளுக்கு மர்செல் அப்பாவே இல்லை.

இதில் ஒன்றைக் கவனித்தேன். முதல் தடவை அல்ல, மூன்றாவது தடவை பார்க்கும்போது. இந்த ரகசியங்களில் சம்பந்தப்பட்டவளே தானாக முன்வந்து சொன்னது ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் அடுத்தவள் வாயிலிருந்து வந்தது. தன் மேல் சந்தேகம் திரும்பியதும் ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவளின் ரகசியத்தைத் தூக்கித் தனக்குக் கேடயமாகப் பிடிக்கிறாள். வெளியே வருவது உண்மைதான், பொய் இல்லை. ஆனால் அது உண்மைக்காக வெளியே வரவில்லை, தப்பிப்பதற்காக வருகிறது. பேத்தி சொன்ன 'கொட்டிவிடுவது' இதுவல்ல. ஃபோனை மேசையில் வைத்தாலும் இதேதான். உன் உண்மையை நீ சொல்வதில்லை. மணி அடித்து இன்னொருவன் சொல்லிவிடுகிறான்.

சமையல்காரம்மா ஒருத்திதான் நடந்தது என்ன என்று கண்டுபிடித்துவிடுகிறாள். சொல்ல வரும் நேரத்தில் அவளை நோக்கி ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்கிறது. மேலே படவில்லை. ஆனால் அதிர்ச்சியில் பேச்சு நின்றுவிடுகிறது. முக்கால்வாசிப் பேர் இதைக் கதைக்கான தந்திரம் என்று தாண்டிப் போவார்கள். நான் தாண்ட முடியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முடிவு இதுதான்: கொலையே நடக்கவில்லை. இளைய மகள் கத்ரீன், அப்பாவோடு பேசிவைத்து நடத்திய நாடகம் அது. இந்தப் பெண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அப்பாவுக்குக் காட்ட வேண்டும். அதற்காக அவரைச் செத்தவராக அறைக்குள் படுக்க வைத்துவிட்டு எல்லோரையும் பேச விட்டாள். மர்செல் உள்ளே இருந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். பதினாறு, பதினேழு வயதுப் பெண், அப்பா மேல் உயிரானவள், நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, இனி அப்பா விடுதலையாகிவிட்டார் என்று கதவைத் திறக்கிறாள். அவள் கண் முன்னாலேயே அவர் தன்னைச் சுட்டுக்கொள்கிறார்.

ஓசோன் சேர்த்ததில் பெரியது பாட்டுகள். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு பாட்டு, அவரவர் சொந்தக் குரலில். கதை நடப்பது 1950-களில். பாட்டுகளில் பல அதற்குப் பிந்தியவை. இளைய மகள் பாடுவது 1963-ல் ஷீலா பாடிப் புகழ் பெற்ற பாட்டு. நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அதை முணுமுணுத்து வாத்தியார் முசேவிடம் குட்டு வாங்கியவன். உப்பேர் பியானோ முன் உட்கார்ந்து பாடுவது ஃபிரான்சுவாஸ் ஹார்தியின் பாட்டு. கணக்குப் பார்த்தால் காலக்குழப்பம். ஆனால் கதையின் நியாயம் அங்கேதான் இருக்கிறது. படம் முழுவதிலும் ஒருத்தி தன்னைப் பற்றித் தானே, யாரும் மிரட்டாமல், யார் மேலும் எறியாமல் சொல்கிற ஒரே இடம் அந்தப் பாட்டுதான். கடுகடுவென்று எல்லோரையும் குத்திக்கொண்டிருந்த அந்த மச்சினி, பாட்டு முடிவதற்குள் ஒரு பாவப்பட்ட பெண்ணாகிவிடுகிறாள். அவளைப் பற்றி மற்றவர்கள் சொன்னது உண்மை, அவள் பாடியதும் உண்மை. இரண்டும் ஒன்றல்ல. கத்ரீன் அப்பாவுக்குக் கேட்க வைத்தது முதலாவதை மட்டும்தான் என்பது என் எண்ணம். இரண்டாவதை அவர் கேட்டிருந்தால் துப்பாக்கியை எடுத்திருப்பாரா?

பாரிசிலிருந்து வந்த தங்கை மகன் இந்தப் படத்தின் டிவிடியைக் கொண்டுவந்து கொடுத்தான். 2004-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் நண்பர்கள் ஐந்து பேரோடு பார்த்தேன். அவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவரை நாங்கள் யானத்தார் என்போம். அதன் காரணம் கீழே வருகிறது. இன்னொருவரைக் குடைக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். குடைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. பெயர் தெரியக்கூடாது என்பதற்காக நானே இட்டது. நாங்கள் மூவரும் பிரெஞ்சு மீடியம். ஒரே பெஞ்சில் படித்து, அப்புறம் இங்கிலீஷைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டு, முன்னே பின்னே ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்கள்.

படித்தவர்களுக்குத் தெரியும், பிரெஞ்சுப் பள்ளியில் ஏழு எழுதினால் நடுவில் குறுக்கே ஒரு கோடு போடச் சொல்வார்கள். ஒன்றுக்குத் தலையில் நீளமாக ஒரு கொக்கி வரும். அது ஏழு போலவே தெரியும் என்பதால்தான் ஏழுக்குக் கோடு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அது புரியாது. ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர் என்னுடைய ஒன்றை ஏழு என்று படித்து, பேரேட்டில் அறுநூறு ரூபாய் இடிக்கிறது என்று என்னை நாள் முழுவதும் நிற்க வைத்தார். அதற்குப் பிறகும் நான் பழக்கத்தை மாற்றவில்லை. எங்கள் பிரிவில் அப்போது ஏழுக்குக் கோடு போடுகிறவர்கள் மூன்று பேர்தான்.

1987-ல் நான் தபால் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் மேலதிகாரி பெயருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. உறையைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியது என் வேலை. பெரிய எழுத்து இங்கிலீஷில், ஒவ்வொரு எழுத்தையும் கோணல் மாணலாக, யார் கையென்று தெரியக்கூடாது என்று பாடுபட்டு எழுதியிருந்தது. பிற்பாடு யானத்தார் என்று பெயர் வாங்கப்போகிற நண்பர், ஒரு லைசென்ஸ் ஃபைலில் 700 ரூபாய் கை நீட்டி வாங்கினார் என்று புகார். ஃபைல் எண்ணிலும் இரண்டு ஏழு. எழுத்தையெல்லாம் மாற்றியவர் எண்ணை மாற்ற மறந்துவிட்டார். எல்லா ஏழுக்கும் குறுக்கே சுத்தமாக ஒரு கோடு.

எழுதியவன் நான் இல்லை. தன் மேலேயே யாரும் மொட்டைக் கடுதாசி எழுதமாட்டார்கள். மிச்சம் ஒருவர்.

பதிவேட்டில் ஏற்றி உள்ளே அனுப்பினேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கிழித்துப் போட்டிருக்கலாம், அது குற்றம். மேலதிகாரியிடம் ஏழைக் காட்டியிருக்கலாம். அப்போது என் பெயரும் அந்த மூன்றில் ஒன்று. அவர் என்னைப் பார்த்திருப்பார். இரண்டு குழந்தை, ஒரு சம்பளம். வாயை மூடிக்கொண்டேன்.

விசாரணையில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஆனால் வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போயிற்று, யானத்துக்கு மாற்றல் வந்தது. புதுச்சேரி உத்தியோகஸ்தர்களுக்கு யானம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 800 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஆந்திரத்துக்கு நடுவே, கோதாவரிக் கரையில் இருக்கும் நம் ஊர் அது. காக்கிநாடா வரை ரயிலில் போய் அப்புறம் பஸ். இரண்டரை வருடம் இருந்தார். தெலுங்கு கற்றுக்கொண்டு, இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தார்.

அந்த இரண்டரை வருடமும் இங்கே தனியாக இருந்த அவருடைய அம்மாவை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு ரிக்ஷாவில் அழைத்துக்கொண்டு போனது யார்? குடைக்காரர். மாத்திரை வாங்கிக் கொடுத்தது, வீட்டு வரி கட்டியது, தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தது, எல்லாம் அவர்தான். அந்த அம்மா எனக்கு எதிரிலேயே "நீ எனக்கு இன்னொரு புள்ளைப்பா" என்று அவர் தலையில் கை வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் படத்தைப் பார்த்ததைவிட அந்த இருவரையும் அதிகம் பார்த்தேன். கத்ரீன் நடந்ததைச் சொல்ல ஆரம்பிக்கும் இடத்தில் குடைக்காரர் எழுந்து கொல்லைப் பக்கம் சிகரெட் பிடிக்கப் போனார். இதற்கு அர்த்தம் கற்பிக்கக் கூடாது. எந்தப் படத்திலும் நடுவில் எழுந்து போகிறவர்தான் அவர். படம் முடிந்து விவாதம் நடந்தது. பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர், அந்த அப்பன் கோழை என்றார். யானத்தார் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அந்தச் சின்னப் பொண்ணு மேலதான் கோபம். யாரு அவளைக் கேட்டாங்க? கதவை மூடியே வெச்சிருக்கலாம்."

அதைக் கேட்டதும் எனக்கு மார்பிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போல இருந்தது. பதினேழு வருடம் நான் மூடி வைத்த கதவுக்கு, சம்பந்தப்பட்டவரே சான்று கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் மனசு அப்படி லேசில் விடுவதில்லை. அடுத்த மாதமே தொலைக்காட்சியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். 'மரி-ஒக்தோப்ர்', 1959, ழூலியன் துவிவியே எடுத்தது. ழாக் ரொபேரின் நாவலிலிருந்து வந்த படம். பார்த்தால் நாடகம் என்றே தோன்றும், ஏறக்குறைய முழுக்க ஒரே வீட்டுக்குள், ஒரே ராத்திரியில் நடக்கிறது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒன்றாகப் போராடிய தோழர்கள், பதினைந்து வருடம் கழித்து ஒரு விருந்துக்குக் கூடுகிறார்கள். ஒருவர் அச்சாபீஸ்காரர், ஒருவர் கசாப்புக் கடைக்காரர், ஒருவர் வக்கீல், ஒருவர் பாதிரியார். அந்தக் காலத்தில் அவர்களில் யாரோ ஒருவன் காட்டிக் கொடுத்ததால் தலைவன் செத்தான். யார் அவன்? இதுதான் கேள்வி. விருந்துக்கு அழைத்த பெண்ணாக நடித்தவர் யார் தெரியுமா? அதே தனியேல் தாரியூ. எட்டுப் பெண்களில் பங்குப் பத்திரத்தை ஒளித்து வைத்த பாட்டி, நாற்பத்து மூன்று வருடம் முன்னால் அடுத்தவன் ஒளித்ததைத் தோண்டி எடுக்கிறவர். நூறு வயது வரை இருந்து 2017-ல் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் படத்திலும் சந்தேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஆளுக்கு ஓர் அழுக்கு வெளியே வருகிறது. முடிவும் சாவுதான், தாரியூவே சுடுகிறார். ஆனால் அங்கே அந்தக் கேள்வியைக் கேட்காதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அங்கே உண்மையாகவே ஒருவன் செத்திருக்கிறான். செத்தவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எட்டுப் பெண்கள் வீட்டில் யாரும் சாகவில்லை, யாருக்கும் அந்தக் கடன் இல்லை. வேடிக்கை பார்க்கக் கதவுக்குப் பின்னால் ஆள் வைத்த விசாரணை அது. என் பேத்தியின் ஃபோன் விளையாட்டும் இந்த இரண்டாம் வகைதான். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நண்பனின் பையில் கை விடுவது ஒன்று, நண்பனுக்குத் தரவேண்டியதைத் தருவது இன்னொன்று.

அப்படியென்றால் யானத்தாருக்கு நான் தரவேண்டியது இருந்ததா, இல்லையா? அவர் சாகவில்லை. ஆனால் இரண்டரை வருடம் போயிற்று, பதவி உயர்வு போயிற்று, அதன்படி ஓய்வூதியத்தில் மாதாமாதம் ஒரு தொகை போய்க்கொண்டே இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கும்போதெல்லாம் அவர் அதை நினைத்தாரோ என்னவோ, நான் நினைத்தேன்.

2011-ல் குடைக்காரர் இறந்தார். பாடை தூக்கியவர்களில் யானத்தாரும் ஒருவர். திரும்பி வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்கும் நான் கதவைத் திறக்கவில்லை. திறக்காதது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

2018-ல் ஒரு சாயங்காலம் நானும் அவரும் கடற்கரைச் சாலையில் வழக்கமான சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஏதோ பேச்சு, யாருடைய பேரனுக்கோ வேலை கிடைத்தது பற்றி. நடுவில், குரலை மாற்றாமல் கேட்டார்.

"அந்த மொட்டைக் கடுதாசி உன் கை வழியாத்தானே உள்ள போச்சு?"

"ஆமாம்."

"அதுல ஏழு எப்படிப் போட்டிருந்துது?"

முப்பத்தோரு வருடம் அவர் அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. விசாரணையில் அதிலிருந்ததை வாசித்துத்தான் காட்டியிருப்பார்கள். ஆனாலும் நான் போட்ட அதே கணக்கை அவரும் எங்கோ போட்டிருக்கிறார். கேள்வியை அவரே கேட்டார். கேட்க உரிமை உள்ள ஒரே ஆள் அவர். யாரும் மிரட்டவில்லை, கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை, எதிரே கடல்தான்.

எனக்கு அந்தச் சமையல்காரம்மா போல ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் "முப்பது வருஷம் ஆச்சுப்பா, யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றேன்.

"சரி" என்றார். சுண்டல்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டு இரண்டு பொட்டலம் வாங்கினார்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏழுக்குக் கோடு போடுகிறவர்கள் மூன்று பேர். அவரைக் கழித்தால் இரண்டு. செத்துப்போனவர் தன் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர். உயிரோடு இருப்பவன் ஞாபகம் இல்லை என்கிறான். அவர் இடத்தில் நான் இருந்தால் யாரைச் சந்தேகப்படுவேன்? செத்தவர் பெயரைக் காப்பாற்றினேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் என்னை மன்னித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். தினமும் ஐந்தரைக்கு அதே பெஞ்சு. அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பலமுறை வாய் வரை வந்தது. அவர் கேட்கவில்லையே, நாமாக ஏன் சொல்வது என்று கத்ரீனைக் காரணம் காட்டிக்கொண்டேன். அந்த வாதம் 2018 வரைக்கும் செல்லும். அன்று அவர் கேட்டதற்குப் பிறகு செல்லாது. இது இப்போது தெரிகிறது.

இருவர் குடும்பமும் இப்போது இந்த ஊரில் இல்லை. இதைப் படித்து மனம் நோக ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். பேத்திக்கும் அனுப்புகிறேன். அவள் என்ன கேட்பாள் என்று தெரியும்.

போன வாரம் பாங்கில் பணம் எடுக்கப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த சின்னப் பெண் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "ஐயா, இங்க அடிச்சிருக்கீங்க, பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். அடித்தது இல்லை அம்மா, ஏழு அது என்றேன். அவள் நம்பவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.